கூட்டணி மாறும் அணிகள்



அழைப்பிதழில் ‘கூட்டணி மாறும் அணிகள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நல்ல நேரம் பாத்துத்தான் தலைப்பு வச்சிருக்கீங்க” என்று கண்ணைச் சிமிட்டினார். ஐயா, உங்களை ஏமாற்றப் போகிறேன். நான் பேச வந்த கூட்டணியில் கொடி இல்லை, சின்னம் உண்டு. தொகுதிப் பங்கீடு இல்லை, தொலைக்காட்சிப் பணத்தில் பங்கீடு உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணிகள் ஒரு கூட்டமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அங்கே கால்பந்து என்றால் நாம் அறிந்த உருண்டைப் பந்து ஆட்டம் இல்லை. இரு முனையும் கூம்பிய பந்து. தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து பதினொருவருக்குப் பதினொருவர் மோதுவார்கள். பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். இந்த ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மூன்று நிமிடம் பேசுகிறார்கள், ஐந்து விநாடி ஆடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. ஆனால் சுற்றியிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. இது விளையாட்டு இல்லை, திருவிழா. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். கேளுங்கள், இது ஒரு கல்லூரி மைதானம்! இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் ஊரே அங்கே திரண்டுவிடும்.

இந்த அணிகள் தனித்தனியாக இல்லை. எட்டு, பத்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் ஆட ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கான்ஃபரன்ஸ். நாம் கூட்டமைப்பு என்று சொல்லிக்கொள்வோம். யார் யாரோடு சேர்ந்தார்கள்? பக்கத்து ஊர்க்காரன் பக்கத்து ஊர்க்காரனோடு சேர்ந்தான். ரயிலேறிப் போய் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும் அல்லவா? தூரம்தான் எல்லை போட்டது.

1895இல் சிகாகோவில் ஒரு ஹோட்டலில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று ‘பிக் டென்’ என்று அழைக்கப்படும் கூட்டமைப்பு. எதற்காகக் கூடினார்கள் தெரியுமா? மாணவனே இல்லாத கூலி ஆட்டக்காரர்களைச் சில கல்லூரிகள் களத்தில் இறக்கிக்கொண்டிருந்தன. அதை நிறுத்த வேண்டும், ஒழுங்காகப் படிக்கிற மாணவன்தான் ஆட வேண்டும் என்று விதி செய்யக் கூடினார்கள். பணத்தை வெளியே நிறுத்தக் கதவு போட்டவர்கள் அவர்கள். அந்தக் கதவு இன்று எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை இன்னும் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இனி மேற்குக் கரைக்கு வாருங்கள். 1915 டிசம்பரில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் நான்கு கல்லூரிகள் கைகோத்தன: கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், ஓரிகன் விவசாயக் கல்லூரி. சிறிது காலத்தில் வாஷிங்டன் ஸ்டேட் சேர்ந்தது, ஸ்டான்ஃபர்ட் சேர்ந்தது, பிறகு தென் கலிஃபோர்னியாவும் யூசிஎல்ஏவும் வந்தன. நடுவில் ஓர் ஊழலில் உடைந்து 1959இல் வேறு பெயரில் எழுந்தது. உறுப்பினர் கூடக் கூட எட்டானது, பத்தானது, 2011இல் பன்னிரண்டாகி ‘பேக்-12’ என்று பெயர் பெற்றது. வம்சாவளியைக் கணக்கிட்டால் நூறாண்டு தாண்டிய குடும்பம்.

இந்தக் குடும்பத்தில் இருவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஓரிகன் ஸ்டேட். நான் சொன்ன அந்த விவசாயக் கல்லூரியின் இன்றைய பெயர். கொர்வாலிஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. இன்னொன்று வாஷிங்டன் ஸ்டேட். புல்மன் என்ற சிற்றூரில், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை விளையும் குன்றுகளுக்கு நடுவில் இருக்கிறது. பெருநகரமான சியாட்டிலிலிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல். வாஷிங்டன் பல்கலைக்கழகம் வேறு, வாஷிங்டன் ஸ்டேட் வேறு. குழப்பிக்கொண்டால் இரு தரப்பும் சண்டைக்கு வரும். வாஷிங்டன் பல்கலைக்கழகம்தான் சியாட்டிலில் இருக்கிறது.

இந்த இருவரும் சோப்ளாங்கிகளா? இல்லவே இல்லை. பசடினாவில் நடக்கும் ‘ரோஸ் பவுல்’ என்ற புத்தாண்டு ஆட்டம் இந்த விளையாட்டின் மகுடம். 1916இல் அதை வென்றது வாஷிங்டன் ஸ்டேட். 1942இல் வென்றது ஓரிகன் ஸ்டேட். அதிலும் அந்த 1942 ஆட்டம் கதையில் சேர வேண்டியது. முந்தைய டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டிருந்தது. மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடக் கூடாது என்று ஆட்டத்தையே கிழக்குக் கரைக்கு மாற்றினார்கள். எதிரணியான டியூக்கின் சொந்த மைதானத்தில் ஆட்டம். நாடு கடந்து ரயிலில் போன விவசாயக் கல்லூரிப் பிள்ளைகள் 20க்கு 16 என்று ஜெயித்துவிட்டுத் திரும்பினார்கள். ஆட்டத்தில் குறை இருந்தவர்கள் அல்லர் இவர்கள். இவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் சந்தை.

சந்தை எப்போது உள்ளே வந்தது? இதைச் சொல்ல ஒரு நீதிமன்ற வழக்குக்குப் போக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், சுவையான வழக்கு.

1950களிலிருந்து கல்லூரிக் கால்பந்தைத் தொலைக்காட்சிக்கு விற்கும் உரிமை முழுக்க என்சிஏஏ என்ற தேசிய அமைப்பின் கையில் இருந்தது. தினம் தினம் டிவியில் காட்டினால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற பயம். 1980களின் தொடக்கத்தில் இருந்த திட்டப்படி, ஓர் அணி இரண்டாண்டில் ஆறு முறைக்கு மேல் திரையில் வரக் கூடாது. 1981இல் ஒரு நாள். ஓக்லஹோமாவுக்கும் தென் கலிஃபோர்னியாவுக்கும் ஆட்டம். இரண்டும் மலை போன்ற அணிகள். இருநூறு நிலையங்கள் ஒளிபரப்பின. அதே வார இறுதியில் சிட்டடெல் என்ற சிறு கல்லூரிக்கும் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கும் ஆட்டம். நான்கே நான்கு நிலையங்கள் ஒளிபரப்பின. நான்கு அணிகளுக்கும் கிடைத்த பணம் எவ்வளவு? எல்லோருக்கும் ஒரே தொகை!

இது நியாயமா, அநியாயமா? இந்த மன்றத்திலேயே கை தூக்கச் சொன்னால் பாதிக்குப் பாதி பிரியும். ஓக்லஹோமா அநியாயம் என்றது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வழக்குப் போட்டது. 1984 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பளித்தது: என்சிஏஏ செய்வது போட்டியைத் தடுக்கும் கட்டுப்பாடு, செல்லாது. அன்றோடு மூடி கழன்றது. இனி யார் வேண்டுமானாலும் விற்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம்.

அந்த இரண்டு மாற்றுத் தீர்ப்பாளர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நீதிபதி பைரன் வைட். அவர் யார்? கொலராடோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து நட்சத்திரம். 1937இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம் பிடித்தவர். ஒன்பது நீதிபதிகளில் களத்தில் இறங்கி எலும்பு நோக ஆடியவர் அவர். அவர் என்ன எழுதினார்? கல்லூரி விளையாட்டை வெறும் வியாபாரமாக எடைபோடுவது பிழை, படிப்போடு ஒட்டிய ஒன்றை அப்படி அளக்கக் கூடாது என்ற கருத்தில் எழுதினார். தீர்ப்பு சட்டப்படி சரி என்பவர்கள் இருக்கிறார்கள். நானும் என்சிஏஏவுக்காகக் கண்ணீர் விடப் போவதில்லை. ஆனால் ஆடியவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியவில்லையோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இவருடைய கொலராடோவின் பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறை வரும். காத்திருங்கள்.

1984க்குப் பிறகு கூட்டமைப்பு என்ற சொல்லின் பொருளே மாறியது. ஊர்ப்பக்கத்துச் சேர்க்கையாக இருந்தது சரக்கு விற்கும் கடையாயிற்று. கடைக்கு எது முக்கியம்? வாடிக்கையாளர். 2007இல் பிக் டென் தனக்கென்று ஒரு கேபிள் சேனலே தொடங்கியது. உறுப்பு அணி இருக்கும் மாநிலத்தில் வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் அதிகம். வெளி மாநிலத்தில் மிகக் குறைவு. அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? புதிய மாநிலத்தைப் பிடிக்க வேண்டும்! 2014இல் மேரிலண்டையும் ரட்கர்ஸையும் சேர்த்தார்கள். ரட்கர்ஸ் கால்பந்தில் அப்படி என்ன சாதித்தது என்று கேட்காதீர்கள். அது நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கேபிள் பெட்டிகள்தான் அதன் சாதனை.

இதற்குள் பெயர்களெல்லாம் பொய்யாகிவிட்டன. பிக் டென் என்றால் பத்து; 1990இல் பதினோராவது உறுப்பினர் வந்தபோது பெயரை மாற்ற மனமில்லாமல், சின்னத்தின் எழுத்துகளுக்கு இடையே 11 என்ற எண்ணை ஒளித்து வரைந்தார்கள். இன்று அதில் பதினெட்டு. பிக்-12 என்ற இன்னொரு கூட்டமைப்பில் ஒரு காலத்தில் பத்து அணிகள் இருந்தன, அதே காலத்தில் பிக் டென்னில் பன்னிரண்டு! இன்று பிக்-12இல் பதினாறு. கணக்கு வாத்தியார் பார்த்தால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பு என்று ஒன்று. அதில் இப்போது யார் இருக்கிறார்கள்? பசிபிக் கரையின் ஸ்டான்ஃபர்ட்!

அவர்கள் அங்கே எப்படிப் போனார்கள்? இப்போது கதையின் உச்சத்துக்கு வருகிறோம்.

2022 ஜூன் 30. தென் கலிஃபோர்னியாவும் யூசிஎல்ஏவும் பேக்-12ஐ விட்டு 2024 முதல் பிக் டென்னுக்குப் போகிறோம் என்று அறிவித்தன. அவர்களோடு, அவர்கள் ஊரான லாஸ் ஏஞ்சலஸ் என்ற பெருஞ்சந்தையும் ஒரே நாளில் கைவிட்டுப் போனது. சில வாரங்களில் பிக் டென் ஏழாண்டுக்கு 700 கோடி டாலருக்கும் மேல் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. மீந்த பத்துப் பேருக்கு வாங்குபவர் கிடைக்கவில்லை. பேச்சு நடந்தது, பேச்சு நடந்தது, ஓராண்டுக்கு மேல் பேச்சு மட்டுமே நடந்தது. பொறுக்க முடியாமல் 2023 ஜூலை இறுதியில் ஓர் அணி எழுந்து போனது. எது? பைரன் வைட்டின் கொலராடோ.

கடைசியில் ஆப்பிள் நிறுவனம் ஒரு திட்டம் வைத்தது. சந்தா கட்டுகிறவர்கள்தான் ஆட்டத்தைப் பார்க்கலாம்; சந்தாதாரர் கூடினால் பணம் கூடும். 2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. மீந்த ஒன்பது பேரும் கையெழுத்திட்டு ஒன்றாக நிற்பார்கள் என்று காலையில் நம்பிக்கை இருந்தது. பொழுது சாய்வதற்குள் வாஷிங்டனும் ஓரிகனும் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக்-12க்கு. ஒரே நாளில் ஐந்து பேர்! மீதி நால்வர். செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்ஃபர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் பக்கம் போயின, அதுவும் குறைந்த பங்குக்கு. அவர்களோடு சேர்ந்த டெக்சஸ்காரர்களான எஸ்எம்யூ, ஒன்பது ஆண்டுக்குத் தொலைக்காட்சிப் பணத்தில் பங்கே வேண்டாம், பந்தியில் ஓர் இலை போட்டால் போதும் என்று போனார்கள்.

பந்தியில் மிஞ்சியது யார்? புல்மனும் கொர்வாலிஸும். கோதுமைக் குன்றும் விவசாயக் கல்லூரியும். நூறாண்டுக் குடும்பத்தில் இரண்டே பேர்.

அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. நேரே கோர்ட்டுக்குப் போனார்கள். போகிறோம் என்று அறிவித்தவர்களுக்கு நிர்வாகக் குழுவில் ஓட்டு இல்லை என்பது கூட்டமைப்பின் விதி. ஆகவே மிச்சமிருக்கும் சொத்தும் முடிவும் எங்கள் இருவருடையவை என்றார்கள். புல்மன் இருக்கும் அந்தக் கிராமப்புற மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே 2023 நவம்பரில் வென்றார்கள். மாநில உச்ச நீதிமன்றமும் டிசம்பரில் தலையிட மறுத்தது. 2024இல் இருவர் மட்டுமே உள்ள கூட்டமைப்பாக ஆடினார்கள். நிரலை நிரப்ப, மலைநாட்டு அணிகளான ‘மவுன்டன் வெஸ்ட்’ கூட்டமைப்பு கைகொடுத்தது.

கைகொடுத்த அந்த மவுன்டன் வெஸ்டுக்கு என்ன கைம்மாறு? 2024 செப்டம்பரில் அதிலிருந்து பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் என நான்கு அணிகளை நம் இருவரும் இழுத்துக்கொண்டார்கள். அடுத்து யூட்டா ஸ்டேட்டையும். நேற்றைய மருமகள் இன்றைய மாமியார்! உங்களுக்குக் கோபம் வருகிறதா? எனக்கும் முதலில் வந்தது. பிறகு யோசித்தேன். விதியே அப்படி எழுதப்பட்ட பிறகு, நல்லவனாக இருந்து அழிவதா, மற்றவனைப் போல் செய்து பிழைப்பதா என்று கேட்டால், ஒரு சிற்றூர்க் கல்லூரி என்ன செய்யும்? ஆனால் ஒன்று, இனி அவர்கள் யாரையும் துரோகி என்று சொல்ல முடியாது.

ஜீவனாம்சக் கதை ஒன்றும் உண்டு. யூசிஎல்ஏவும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாவும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தின் இரு கிளைகள். அக்கா பணக்கார வீட்டுக்குப் போனதால் தங்கைக்கு நஷ்டம். ஆகவே அக்கா தங்கைக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்று பல்கலைக்கழக ஆட்சிக் குழு தீர்மானித்தது. ஊரெல்லாம் அதை ஜீவனாம்சம் என்றே கேலி செய்தது.

நண்பர்களே, இதுவரை கால்பந்து, கால்பந்து என்றேன். உண்மையில் வலி எங்கே விழுகிறது? கால்பந்து அணி வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடும், அதற்குத் தனி விமானம் இருக்கும். ஆனால் கூட்டமைப்பு மாறினால் கால்பந்து மட்டுமா மாறுகிறது? கைப்பந்து ஆடும் பெண்ணும் சாஃப்ட்பால் ஆடும் பெண்ணும் கூடவே மாற வேண்டும். அவர்களுக்கு வாரத்தில் இரண்டு, மூன்று ஆட்டங்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரட்கர்ஸ் ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். ஸ்டான்ஃபர்டிலிருந்து பாஸ்டன் 4,000 கிலோமீட்டருக்கு மேல். கடிகாரத்தில் மூன்று மணி நேரம் வித்தியாசம். புதன்கிழமை ஆடிவிட்டு, நடுநிசியில் இறங்கி, வியாழன் காலை வேதியியல் தேர்வு எழுதுகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளைக் கேட்டா இந்த ஒப்பந்தம் போட்டார்கள்? அவள் ஆட்டத்தை விற்றா அந்த 700 கோடி வந்தது? ஒன்றுமில்லை. தேரை இழுத்தவன் வேறு, சக்கரத்தடியில் கால் மாட்டியவள் வேறு.

ஆடுகிற பையன்களுக்கோ, பல்கலைக்கழகம் நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது 2025 ஜூலையில்தான். அதுவும் வழக்குப் போட்டு வந்தது. அதற்கு முன் நாற்பதாண்டு கைமாறிய கோடிகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் உதவித்தொகைதான்.

பங்காளிச் சண்டைகளையும் சொல்ல வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 1894 முதல் எதிரிகள். 2011இல் டெக்சஸுக்கென்று தனி சேனல் வந்தது. முப்பது கோடி டாலர் ஒப்பந்தம். மற்றவனுக்குப் பொறுக்குமா? ஏ அண்ட் எம் வெளியேறி எஸ்இசி என்ற தெற்கத்திக் கூட்டமைப்புக்குப் போனது. நன்றி தெரிவித்தல் நாளில் நடந்த கடைசி ஆட்டம் டெக்சஸுக்கு 27-25. பிறகு பதின்மூன்று ஆண்டு பேச்சுவார்த்தை இல்லாத வீடு மாதிரி. எப்போது மறுபடி சேர்ந்தார்கள்? டெக்சஸும் ஓக்லஹோமாவும் அதே எஸ்இசிக்கு 2024இல் தாவியபோது. அந்த நவம்பர் 30இல் ஆட்டம் நடந்தது, பிரித்த பணமே சேர்த்தும் வைத்தது. ஆனால் ஓக்லஹோமா தாவிய அதே கணத்தில், அதற்கும் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் ஆண்டுதோறும் நடந்த ஆட்டம் நின்றது. ஒரு மாநிலத்துக்குள், ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி தம்பி ஒரு கட்சி என்று இருந்த ஆட்டம்.

இந்த ஓட்டத்தில் சேராமல் எழுந்து போனவர் எவருமே இல்லையா? ஒருவர் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகம். பிக் டென்னை நிறுவியவர்களுள் ஒன்று. முதல் ஹைஸ்மன் விருது 1935இல் அதன் ஆட்டக்காரர் ஜே பெர்வாங்கருக்குத்தான் கிடைத்தது. நான்கே ஆண்டில், 1939இல், தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கால்பந்தையே நிறுத்திவிட்டார். காலியான அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழே, ஒரு பந்தாட்டக் கூடத்தில், 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. நோபல் பரிசு பெற்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பணியாற்றினார். கால்பந்தை விட்டதால் நோபல் வந்தது என்று நான் கதை கட்டவில்லை. அப்படிச் சொன்னால், கால்பந்தும் நோபலும் இரண்டும் உள்ள ஸ்டான்ஃபர்ட்காரர்கள் சிரிப்பார்கள். அது இல்லாமலும் ஒரு பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். அந்தத் துணிச்சல் புல்மனுக்கு உண்டா என்று கேட்பது எளிது. கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே சனிக்கிழமைக்கு மட்டும் நிறையும் ஓட்டல்களையும் கடைகளையும் நடத்துகிறவர்களைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வராது.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் என்னைப் பார்க்கிறார். ஒரே ஓர் ஆட்டத்தைச் சொல்லி இறங்குகிறேன்.

வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆட்டத்துக்கு ‘ஆப்பிள் கப்’ என்று பெயர். அங்கே ஆப்பிள் விளைச்சல் அதிகம். போன் கம்பெனிக்கும் இதற்கும் தொடர்பில்லை. வழக்கமாக நவம்பர் இறுதியில், பருவத்தின் முத்தாய்ப்பாக நடந்துவந்தது. பிரிவுக்குப் பின் 2024இல் அதற்குக் கிடைத்த தேதி செப்டம்பர் 14. இடம் சியாட்டில். ஒருவர் பிக் டென், மற்றவர் இருவர் மட்டுமே உள்ள வீடு. கடைசி நிமிடங்களில் புல்மன் பிள்ளைகள் 24-19 என்று முன்னால். வாஷிங்டன் பந்தைக் கொண்டுவந்து எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் நிறுத்தியது. கடைசி முயற்சி. ஒரே ஒரு கஜம். பந்தை வாங்கி ஓரமாக ஓடியவனை மடக்கி வீழ்த்தினார்கள். ஆட்டத்தின் முடிவு அங்கேயே தீர்மானமானது. சியாட்டில் அரங்கில், புல்மனின் கருஞ்சிவப்புச் சட்டை போட்ட கூட்டம் இறங்க மனமில்லாமல் நின்றது. அந்த வெற்றி எந்தக் கூட்டமைப்பின் புள்ளிப் பட்டியலிலும் ஏறவில்லை.